கட்டிலருகே ஒரு மொழிப்பாடம்

நமது நாட்டின் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளுள் நுழைபவர், விபத்துப் பிரிவுக்குச் சற்று அப்பால், ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் தடித்த பதிவுப் புத்தகங்கள் சிலவும் கொண்ட சிறிய அறையொன்றைக் காண்பர். அதுவே வைத்தியசாலைப் பொலிஸ் காவலரண். சோற்றுப் பார்சலும் வெந்நீர்ப் போத்தலுமாக நோயாளியைப் பார்க்க விரைவோர் அதனைக் கண்டும் காணாதவர் போலக் கடந்து செல்வர். அங்கே அமர்ந்திருக்கும் கொன்ஸ்தாபிளும் பெரும்பாலும் தூக்கக் கலக்கத்துடனேயே காணப்படுவார். ஆயினும், ஒரு மனிதன் இவ்வுலகில் இறுதியாகச் சொல்லிச் சென்ற சொற்கள், அவனுடைய மனைவி மக்களின் காதுகளை அடையுமுன்னரே அந்த மேசைப் புத்தகத்தில் ஏறிவிடுவதுண்டு. அப்புத்தகத்தில் எழுதுவோருக்கு எழுதக் கற்பிப்பதே சில ஆண்டுகள் என் உத்தியோகமாக இருந்தது.

பொலிஸ் போதனாசிரியர் என்றதும் அணிவகுப்பு மைதானமும் உரத்த கட்டளைக் குரலுமே பலருக்கு நினைவு வரும். அதனையும் செய்தவன்தான் நான். ஆனால் 2012 முதல் 2017 வரை நான் கற்பித்த இடம் கிழக்கு மாகாணத்து அரசாங்க வைத்தியசாலையொன்றின் தாதியர் வகுப்பறை. பிற்பகலில் அதனை எங்களுக்கு இரவலாகத் தருவார்கள். ஒரு மூலையில் எலும்புக்கூடு தொங்கும்; கரும்பலகையில் முற்பகற் பாடத்தின் இருதயப் படம் பாதி அழிந்தும் அழியாமலும் கிடக்கும். வைத்தியசாலைக் காவலரண்களுக்கு அனுப்பப்படவிருந்த பத்துப் பன்னிருவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவகையினரும் அவர்களுள் அடங்குவர். துப்பாக்கி சுடத் தெரிந்தவர்கள். சட்டப் பிரிவுகளை ஒப்புவிக்கத் தெரிந்தவர்கள். ஒரு நோயாளி சொல்வதைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதத் தெரிந்தவர் மட்டும் அரிதாகவே இருந்தனர். இக்குறை அவர்களுடையதன்று. நமது பாடசாலைகள் கட்டுரை எழுதக் கற்பிக்கின்றன. பிறர் பேச்சைக் கேட்டு எழுதக் கற்பிப்பதில்லை. சொல்வதெழுதல் என்னும் பயிற்சி கீழ் வகுப்புகளோடு நின்றுவிடுகிறது.

அந்த மேசைக்கு வருவன எவை? வெட்டுக்காயம், வாகன விபத்து, தீக்காயம், நஞ்சு, பாம்புக்கடி. கிழக்கிலே யானை தாக்கியவர்களும் வருவர். அடிபட்டு வந்தவரைச் சட்ட வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பும் படிவத்தின் முற்பகுதியைப் பொலிசார் நிரப்புவர். பிற்பகுதியை வைத்தியர் நிரப்புவார். இன்ன நேரம், இன்ன இடம், இன்னவாறு நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று கொன்ஸ்தாபிள் எழுதிய நாலைந்து வரிகளை முதலிற் படித்துவிட்டுத்தான் வைத்தியர் காயத்தைப் பார்க்கிறார். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 122ஆம் பிரிவின்படி, இப்பரிசோதனைக்கு உரியவரின் சம்மதம் வேண்டும். சம்மதியாவிடின் நீதிவானின் கட்டளை வேண்டும். சீருடையைக் கண்ட மாத்திரத்தில் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிடும் ஏழை நோயாளிக்கு இந்த உரிமையை எடுத்துச் சொல்லவேண்டியவரும் அதே சீருடைக்காரர்தான்.

முதல் நாட் பாடத்தை நான் நடத்துவதில்லை. விபத்து விடுதியின் பொறுப்புத் தாதியார் ஒருவர் நடத்துவார். நோயாளர் எல்லோரும் அவரை "மிஸி" என்பர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். ஐம்பது வயதைக் கடந்தவர், மெல்லிய குரல். "தம்பிமார், முதலில் அவர் எங்களுடைய நோயாளி, பிறகுதான் உங்களுடைய சாட்சி" என்று தொடங்குவார். சப்பாத்தொலி கேட்காமல் நடத்தல், கட்டிலில் அமராதிருத்தல், சேலைன் குழாயின்மேற் கைபடாது நிற்றல் ஆகியவற்றைச் செய்து காட்டுவார். வலிதீர்க்கும் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பதைக் கேட்டு, அதனை வாக்குமூலத்தின் தலைப்பிலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் சொல்லிக் கொடுத்ததே. என் இருபத்தைந்து வருடச் சேவையில் எந்தக் கைந்நூலிலும் நான் காணாத அறிவுரை அது.

பொலிசாரே கூட்டிவரும் சந்தேக நபர்கள் பற்றியும் அவர் பேசுவார். அப்போது வகுப்பிலே ஓர் இறுக்கம் உண்டாகும். காவலில் இருந்தவர் காயத்துடன் வந்தால், அக்காயம் எப்படி வந்தது என்று வைத்தியர் கேட்கும்போது அருகே கொன்ஸ்தாபிள் நிற்பாராயின், "விழுந்துவிட்டேன்" என்பதே விடையாகும். சித்திரவதையைக் குற்றமாக்கும் 22ஆம் இலக்கச் சட்டம் நமது நாட்டில் 1994இலேயே வந்துவிட்டது. 1999இல் ஐக்கிய நாடுகள் சபையின்முன் வைக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, பரிசோதனை அறையினுள் பொலிசார் நிற்கவே கூடாது என்கிறது. மிஸி இவற்றையெல்லாம் சொல்வதில்லை. "கதவைச் சாத்திவிட்டு வெளியே வாங்கிலே இருங்கள், யன்னலுக்குக் கம்பி இருக்கிறது, ஆள் ஓடமாட்டார்" என்பார்.

இரண்டாம் நாள் முதல் என் பாடம். சொற்களிலிருந்து தொடங்குவேன்.

வயற்புறத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டு வருகிறார்கள். "மருந்து குடித்துவிட்டாள்" என்கிறாள் தாய். நகரத்தில் வளர்ந்த தமிழ்க் கொன்ஸ்தாபிள் ஒருவர், மருந்து குடித்தவளுக்குப் பொலிஸ் எதற்கு என்று திகைத்து நின்றதை நான் கண்டிருக்கிறேன். உழவர் வழக்கில் மருந்து என்பது பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினி. நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல்! அத்தாயே சற்று நேரத்தின்பின், "தவறுதலாகத்தான் குடித்தவள்" என்று மாற்றிச் சொல்லுவாள். அது பொய்யன்று, பயம். தற்கொலைக்கு முயல்வது 1998வரை இந்நாட்டிலே தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சட்டம் நீங்கிய பின்னும் பயம் நீங்கவில்லை. இலட்சம் பேருக்கு 47 பேர் என்னும் அளவுக்கு 1995இல் உயர்ந்திருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிநாசினிகள் அவ்வாண்டிலும் எண்டோசல்பான் 1998இலும் தடுக்கப்பட்டதன் பின்னர் வெகுவாகக் குறைந்தது. எனினும், மேசைக்கு வரும் தாய்க்கு இப்புள்ளிவிபரம் ஆறுதலாகாது. "உங்கள் மகள்மீது வழக்கு இல்லை அம்மா" என்ற ஒரு வார்த்தையே ஆறுதல். அதனை முதலிற் சொல்லிவிட்டுப் பேனையை எடுங்கள் என்று கற்பித்தேன்.

"குத்தினான்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கையாற் குத்தினாலும் குத்துத்தான். கத்தியாற் குத்தினாலும் குத்துத்தான். தண்டனைச் சட்டக்கோவையிலோ, கையால் விளைத்த காயத்துக்கும் ஆபத்தான ஆயுதத்தால் விளைத்த கடுங்காயத்துக்கும் இடையே பல ஆண்டுச் சிறைவாசம் கிடக்கிறது. "அடி" என்பது இன்னும் பரந்த சொல். மனிதன் அடிக்கிறான், வாகனம் அடிக்கிறது, மின்சாரம் அடிக்கிறது, யானையும் அடிக்கிறது. எதனால் என்று கேட்கவேண்டும், ஆனால் "கத்தியாலா?" என்று கேட்கக்கூடாது. கத்தி என்ற சொல் நோயாளியின் வாயிலிருந்து வரவேண்டுமேயன்றிக் கொன்ஸ்தாபிளின் வாயிலிருந்து வரக்கூடாது. வாக்குமூலம் பெறும் கலை முழுவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். இதைக் கற்பிக்க ஐந்து வாரங்கள் போதவில்லை.

சட்டம் இவ்விடயத்தில் நம்மைக் காட்டிலும் நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, இறந்துபோன ஒருவர் தமது மரணத்தின் காரணம் குறித்துச் சொன்ன கூற்றினை நீதிமன்றில் ஏற்க இடமளிக்கிறது. இதனையே மரண வாக்குமூலம் என்கிறோம். ஆங்கில நாட்டின் பழைய சட்டத்தின்படி, தாம் பிழைக்கப்போவதில்லை என்ற நிச்சயம் அவருக்கு இருந்திருக்க வேண்டியிருந்தது. நமது சட்டம் அதனை வேண்டுவதில்லை. "நாளைக்கு வீட்டுக்குப் போய்விடுவேன்" என்ற நம்பிக்கையுடன் காலையில் ஒருவர் சொன்ன சொல், மாலையில் அவர் இறந்தால் மரண வாக்குமூலமாகிவிடும். பிழைத்தெழுந்தால் அவரே மன்றுக்கு வந்து சாட்சி சொல்வார். கொன்ஸ்தாபிளின் எழுத்து அந்தச் சாட்சியத்தின் இடத்தைப் பிடிக்கமுடியாது. இறந்தாலோ, குறுக்கு விசாரணைக்கு எவரும் இல்லை. எழுத்து மாத்திரமே மிஞ்சும். இரண்டுள் எது நேரும் என்று எழுதுகின்ற வேளையில் எவருக்கும் தெரியாது.

அப்பிரிவில் ஒரு சொல் இருக்கிறது. எழுத்து மூலமோ "வேர்பல்" ஆகவோ சொல்லப்பட்ட கூற்று என்கிறது சட்டம். "ஓரல்" என்று சொல்லவில்லை. பேச்சு வழக்கில் இரண்டையும் வாய்மொழி என்றே தமிழாக்கிவிடுகிறோம். ஆனால் ஒன்று சொல்லைப் பற்றியது. மற்றது வாயைப் பற்றியது. இந்த வேறுபாட்டிலே ஒரு மனிதனின் உயிர் தொங்கிய வழக்கு நமது நாட்டிலிருந்தே எழுந்தது. கழுத்து அறுக்கப்பட்டுப் பேச்சிழந்த ஒருவர், நினைவு தெளிவாக இருந்த நிலையில், கைச் சைகைகள் செய்தார், இன்னார்தானா வெட்டியவர் என்று கேட்டபோது தலையசைத்தார், பின்னர் இறந்தார். வாயே திறவாதவர் செய்த சைகை "வேர்பல்" கூற்று ஆகுமா? சந்திரசேகரா என்னும் அலிசந்திரி எதிர் மன்னர் என்ற அவ்வழக்கு, அக்காலத்தில் நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. ஆகும் என்று 1936இல் அக்கழகம் தீர்ப்பளித்தது. அலகாபாத் மேல் நீதிமன்றமும் 1885இல் இவ்வாறே கூறியிருந்தது. சொல் என்பது வாயில் மட்டும் பிறப்பதன்று என நீதிபதிகள் ஒப்புக்கொண்ட இவ்வழக்கை, சட்டம் பயில்வோர் மட்டுமன்றி மொழி பயில்வோரும் படிக்கலாம்.

இவ்வழக்கைக் கற்பித்ததும் ஒரு பயிற்சி நடைபெறும். மாணவர் ஒருவரை வாங்கிலே கிடத்தி, என்ன நடந்தது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அவரிடம் மாத்திரம் கொடுப்பேன். அவர் பேசக்கூடாது. மற்றவர்கள் கேள்வி கேட்டு அறியவேண்டும். எப்போதும் முதல் மூன்று கேள்விகளுக்குள் யாராவது ஒருவர் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். அதன்பின் எல்லோரும் அந்தப் பெயரையே சுற்றிவருவர். களைத்துப்போன "நோயாளி" கடைசியில் ஏதோ ஒன்றுக்குத் தலையை ஆட்டிவிடுவார். "தலையை ஆட்டினார்" என்று எழுதுவார்கள். எப்படி ஆட்டினார் என்று கேட்பேன். மேலுங் கீழுமா? இடமும் வலமுமா? அல்லது நம்மவர் ஆமென்பதற்கு வழக்கமாகச் செய்வதுபோல் ஒரு தோளை நோக்கிச் சாய்த்தாரா? அதையே "சரி சரி, போ" என்பதற்கும் சாய்ப்போம் அல்லவா? ஆகையால், முதலில் அவருடைய பெயரைக் கேட்டு, ஆம் என்பதற்கு அவர் செய்யும் அசைவு எது, இல்லை என்பதற்குச் செய்யும் அசைவு எது என்று உறுதி செய்து எழுதியபின்னரே மற்றக் கேள்விகளுக்குப் போகவேண்டும். கேட்ட கேள்வியையும் எழுதவேண்டும். இது என் சொந்தக் கட்டளையன்று. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, விளக்கத்துக்காகக் கேட்ட கேள்வியும் அதன் விடையும் முழுமையாகப் பதியப்பட வேண்டும் என்றே சொல்கிறது. எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியிற் பெயர்த்துச் சொல்லவேண்டும். திருத்தவும் கூட்டவும் அவருக்கு உரிமை உண்டு.

விளங்கும் மொழி என்னும் இடத்திற்கு வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். தமிழிலே சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கீழே கையொப்பம் வாங்கிய வாக்குமூலங்களின் வரலாறு இந்நாட்டில் நீண்டது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 2007 யூலை முதலாந் திகதிக்குப் பின் அரச சேவையிற் சேர்வோர் ஐந்து ஆண்டுகளுள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கை வந்த வேகத்தில் மொழி வருவதில்லை. எனினும் கற்றவர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தென்பகுதிக் கிராமத்திலிருந்து வந்த இளைஞர். தமிழை வகுப்பிற் கற்றவர். இலக்கண நூலைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். பேசும்போது வல்லின மெல்லினங்கள் இடம் மாறும். தமிழ் மாணவர்கள் சிரிப்பார்கள். பயிற்சி முடிந்து அதே வைத்தியசாலையிற் கடமைக்கு வந்த அவரை, ஒரு நாள் இரவு தீக்காய விடுதிக்கு அழைத்தார்கள். மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கினால் எரிந்த பெண். உடலின் பெரும்பகுதி வெந்திருந்தது. நினைவு தெளிவாக இருக்கிறது என்று வைத்தியர் நேரத்துடன் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். கால்மாட்டிலே கணவன் நின்றான். மிஸி அவனைச் செவ்விளநீர் வாங்கிவர அனுப்பினார்.

"அக்கா, என்ன நடந்தது?" என்று கொன்ஸ்தாபிள் கேட்டார். உதடுகள் வீங்கியிருந்தன. "விளக்கு விழு...திட்டு" என்பதற்கு மேல் குரல் எழவில்லை.

ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு இங்கே விளக்கம் தேவையில்லை. ஆயினும் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். விழுந்தது என்பது தன்வினை; விழுத்தியது பிறவினை. திருந்தினான், திருத்தினான், வருந்தினான், வருத்தினான் என்று நாம் பாடமாக்கிய வரிசையைச் சேர்ந்தவையே இவையும். ஏட்டிலே வேற்றுமை உருபு உண்டு, வினைமுற்றின் ஈறு உண்டு. பொருள் மயங்க இடமில்லை. பேச்சிலே "விளக்கை" என்பது "விளக்க" எனத் தேய்கிறது. "விழுந்திட்டுது", "விழுத்திட்டார்" என்னும் இரண்டிலும் ஈறு மூச்சோடு போய்விட்டால், மிஞ்சுவது நடுவிலுள்ள ஓர் ஒற்று. நகர ஒற்றாயின் விபத்து. தகர ஒற்றாயின் கொலை. கட்டிலருகே நின்ற தமிழ்ச் சிற்றூழியர், விளக்கு விழுந்துவிட்டது என்கிறா என்று உடனே எடுத்துச் சொன்னாராம். அவர் நல்லெண்ணத்துடன்தான் சொன்னார். பிறந்தது முதல் ஒரு மொழியிற் புழங்குபவர்க்குக் காது பாதியைக் கேட்கும்; மீதியைப் பழக்கம் நிரப்பிவிடும்.

கொன்ஸ்தாபிள் அதனை எழுதவில்லை. தாம் கேட்ட ஒலியைத் தமிழெழுத்திலே, இடையில் வெற்றிடம் விட்டு எழுதினார். சிற்றூழியர் சொன்னதையும் அவர் சொன்னதாகவே தனி வரியில் எழுதினார். பிறகு, "அக்கா, முதலிலே இருந்து மெல்லச் சொல்லுங்கோ" என்றார். யார் என்று கேட்கவில்லை. விழுத்தினாரா என்றும் கேட்கவில்லை. மிஸி பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார். இரண்டாம் முறை அப்பெண், சாப்பாடு பிந்தியதையும் அதனால் எழுந்த சண்டையையும் சொல்லி, "அவர் விளக்கை எனக்கு மேலே விழுத்தினவர்" என்று முழுமையாகச் சொன்னார். அதனையும் எழுதி, வாசித்துக் காட்டி, விரல்கள் கட்டுண்டிருந்தமையால் கைநாட்டு இடமுடியவில்லை என்ற குறிப்பையும் எழுதினார். விடியுமுன் நீதிவானுக்கு அறிவிக்க முயன்றார்கள். நீதிவான் வருவதற்குள் அப்பெண்ணுக்கு நினைவு தப்பிவிட்டது. மூன்றாம் நாள் இறந்துபோனார். இரண்டு பிள்ளைகள், மூத்தது அப்போது பாலர் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தது.

மேல் நீதிமன்றில் வழக்கு விளக்கத்துக்கு வர நெடுங்காலம் சென்றது. அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். பின் வரிசையிலிருந்து கேட்டேன். எதிரி முடிவிலே கைமோசக் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டார். தண்டனை போதுமா போதாதா என்ற வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. இறந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதை நினைவிற் கொண்டு, அத்தகைய கூற்றை மிக்க எச்சரிக்கையுடன் நீதிமன்றம் எடை போடவேண்டும் என்பது சட்டம். அவ்வாறே எடை போட்டார்கள். ஆகவே எதிரி தரப்புச் சட்டத்தரணியின் கேள்விகள் முழுவதும் கொன்ஸ்தாபிள்மீது விழுந்தன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சிற்றூழியருக்கே "விழுந்துவிட்டது" என்று கேட்டிருக்க, வகுப்பிலே தமிழ் படித்த நீர் எவ்வாறு வேறாகக் கேட்டீர் என்று அவர் வினவினார். கேள்வியிற் சற்று ஏளனமும் இருந்தது.

கொன்ஸ்தாபிள் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் தமிழிலேயே விடை சொன்னார். "இந்த இரண்டு சொல்லையும் பேசும்போது நான் எப்போதும் பிழை விடுகிறவன், ஐயா. அதனால் மற்றவர்கள் சொல்லும்போது மிகக் கவனமாகக் கேட்பேன். முதல் முறை எனக்கும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன்."

நீதிபதி வாக்குமூலத்தின் மூலப்பிரதியைக் கேட்டு வாங்கி, வெற்றிடம் விட்டிருந்த அந்த வரியைச் சற்று நேரம் பார்த்தார். சட்டத்தரணி தம் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, விளக்கில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்ற கேள்விக்குச் சென்றார்.